வெளுத்த இடம்

மின்சாரம் போனதற்கும், சென்னியப்பன் பேட்டரி விளக்கோடு மேடைக்குத் திரும்பி வந்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்தது? கோகிலவாணி இதைப் பலரிடம் பலவிதமாகச் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்லும் எண்ணம் அவளுக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அவளுக்கே நிச்சயமில்லை, அவ்வளவுதான். அவளிடம் கேட்டு எழுதும் எனக்கும் நிச்சயமில்லை. முதலில் அவள் சொன்னது எது, பிறகு அவளாக நிரப்பிக்கொண்டது எது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. நினைவில் இருக்கிறபடி சொல்லிப்போகிறேன். தவறு இருந்தால் இருக்கட்டும்.

அமராவதிக் கரையில் உள்ள ஓர் ஊரில் கோகிலவாணி ஸ்டூடியோ வைத்திருந்தாள். கடை திறந்த நாளிலிருந்து அவளிடம் விளக்குப் பிடித்தவர் சென்னியப்பன். ஐம்பது வயதைத் தொட்டவர், ஒடிசலான ஆள், அடர்ந்த புருவம், நரைத்த மீசை. விளக்குப் பிடிக்கிறவரின் முகம் எந்த ஆல்பத்திலும் வராது. ஆனாலும் கோகிலவாணியின் கேமராவில் மிக அதிகமாகப் பதிந்த முகம் அவருடையதுதான். மணமக்கள் மேடையேறும் முன் ஃபிளாஷின் அளவைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு மாப்பிள்ளை நிற்கும் இடத்தில் சென்னியப்பன் போய் நிற்பார். முதல் படம் எப்போதும் ஒளி மிகுந்து ஓவர் ஆகிவிடும். முகம் இருக்கவேண்டிய இடம் வெள்ளைத் தாளாக வெளுத்திருக்கும். அளவைக் குறைத்து அடுத்ததை எடுத்தால் அதே இடத்தில் அதே சென்னியப்பன் புருவமும் மூக்கும் மீசையுமாகத் தெரிவார்.

"இந்தத் தாலூக்காவுல எல்லா முகூர்த்தத்துக்கும் முதல் மாப்பிள்ளை நாந்தானுங்க அம்மிணி" என்பார்.

"பொண்ணு எங்கீங்கண்ணா?"

"அவ ஊட்டுல ரசம் வச்சுட்டிருப்பாளுங்."

இந்தச் சோதனைப் படங்களை யாரும் அழிப்பதில்லை. கல்யாணப் படங்களோடு சேர்ந்து அவையும் கணினி வட்டில் கிடக்கும். எல்லா ஸ்டூடியோக்காரர்களும் அப்படித்தான்.

துலக்கி வந்தபோதும் அவள் அதைப் பற்றி யோசிக்கவில்லை. துலக்கி என்பது ஒரு மென்பொருள். ஃபிளாஷ் அதிகமாகி வெளுத்துப்போன படத்தைக் கொடுத்தால் முகத்தை மீட்டுத் தரும். அதை விற்ற நிறுவனம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அந்த வட்டார முகங்களைக் கொண்டே அதைப் பழக்கியது. எங்கள் ஊர் முகம் எங்கள் ஊர் முகம் மாதிரியே வர வேண்டுமல்லவா? பழைய படங்களைத் தரும் ஸ்டூடியோவுக்கு மென்பொருள் இலவசம் என்றார்கள். கோகிலவாணி வட்டுகளை மூட்டையாகக் கட்டி அனுப்பிவைத்தாள். வட்டாரத்தில் வேறு யாரும் அவ்வளவு கொடுக்கவில்லை.

பிறகு சட்டம் வந்தது. உரிமம் பெற்றவர் துலக்கியில் மீட்டு முத்திரையிட்ட படத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. அந்த உரிமமும் கோகிலவாணிக்குக் கிடைத்தது.

மிருதுளா காணாமல்போனது ஒரு வரவேற்பில். ஆறு வயதுப் பெண். மண்டபத்தில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல் எல்லோரும் கூச்சலிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவளுடைய சித்தி இந்துமதி பந்தி மண்டபத்துப் படியருகே குழந்தையைக் கைபேசியில் படம் எடுத்தாள். ஃபிளாஷ் அடித்தது. குழந்தைக்குப் பின்னால் இருந்த ஓர் ஆள் அந்த நொடியில் குனிந்து முன்னால் வந்திருந்தான். குழந்தையின் முகம் நன்றாக விழுந்திருந்தது. அவனுடைய முகம் கேமராவுக்கு மிக அருகில் வந்ததால் வெளுத்துப்போயிருந்தது. வெள்ளைச் சட்டைக்கு மேலே வெள்ளையாக ஒரு வட்டம். விளக்கு வந்தபோது குழந்தை இல்லை.

அந்த வரவேற்புக்குப் படம் எடுத்தது கோகிலவாணிதான். மின்சாரம் போனதும் வேனிலிருந்து பேட்டரி விளக்கை எடுத்துவரச் சென்னியப்பனை அனுப்பியவளும் அவள்தான்.

ஆய்வாளர் சத்தியசீலன் படத்தோடு ஸ்டூடியோவுக்கு வந்தார். நல்ல மனிதர். உட்காரச் சொல்லும்வரை நின்றார்.

"இந்துமதிகிட்டக் கேட்டீங்களா சார்?" என்றாள் கோகிலவாணி.

"இருட்டு, மூஞ்சியவே பாக்கலைங்கறா. பாவம், அழுதுட்டே இருக்கா. இதுதாம்மா கைல இருக்கறது. போட்டுப் பாருங்க."

அவள் படத்தைத் துலக்கியில் போட்டாள். வெள்ளை மெல்ல அடங்கியது. முதலில் தாடையின் ஓரம். பிறகு மூக்கின் நிழல். பிறகு புருவம். முழு முகமும் வந்து நின்றபோது கோகிலவாணி மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

பின்னால் கதவு திறந்தது. சென்னியப்பன் ஆய்வாளருக்கு டீ வாங்கி வந்திருந்தார்.

"டீ சாப்பிடுங்க சார்." டம்ளரை வைத்துவிட்டுத் திரையை எட்டிப்பார்த்தார். "அட, இதென்னுங்க அம்மிணி! என்னையாட்டவே இருக்குது!"

சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு மண்டபத்துல இருந்தீங்களா?" என்றார் ஆய்வாளர்.

"இருந்தனுங்க சார். அம்மிணிகூடத்தான்."

"கரண்ட் போனப்ப?"

"வேனுக்குப் போனனுங்க. லைட்டு எடுக்க."

"யாருகூட?"

"நா மட்டுந்தானுங். எதுக்குங்க சார்?"

ஆய்வாளர் கோகிலவாணியைப் பார்த்து, "முத்திரை போட்டுருங்கம்மா" என்றார். அவள் விரலை வைத்தாள். மறுத்திருக்கலாம். ஆனால் அந்தக் கணத்தில் அவளும் துலக்கியைத்தான் நம்பினாள். இத்தனை வருடம் கூடவே இருந்த ஆளைவிட, திரையில் வந்த முகத்தை அவள் நம்பினாள்.

சென்னியப்பன் வாங்கிவந்த டீயைக் குடித்துமுடித்துவிட்டுத்தான் ஆய்வாளர் அவரை ஜீப்பில் ஏற்றினார்.

மறுநாளே அந்த முகம் எல்லாக் கைபேசிகளிலும் சுற்றியது. சென்னியப்பனின் வீட்டு ஓடுகளைக் கல்லெறிந்து உடைத்தார்கள். குழந்தையை எங்கே வைத்திருக்கிறாய் என்று காவல் நிலையத்தில் அவரை அடித்தார்கள். தெரியாததை அவர் எப்படிச் சொல்வார்? சொல்லாததால் மேலும் அடித்தார்கள்.

வேறு வேலையில் மனத்தைச் செலுத்தலாம் என்று கோகிலவாணி கிடப்பில் இருந்த ஒரு படத்தை எடுத்தாள். யாரோ ஒருவருடைய அறுபதாம் கல்யாணம். சட்டம் போட்ட படத்தைப் படமெடுத்தபோது கண்ணாடியில் ஃபிளாஷ் பட்டுத் திரும்பியதில் பெரியவரின் பாதி முகம் வெளுத்திருந்தது. துலக்கி மீட்டுக் கொடுத்தது. பெரியவரின் வலது புருவம் மெலிந்து, நரைத்து, அவருடையதாக இருந்தது. இடது புருவம் அடர்ந்து கறுத்து, வேறு யாருடையதாகவோ இருந்தது.

யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. அவரையே நினைத்துக்கொண்டிருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். திரும்பி வந்து பார்த்தபோதும் புருவம் அங்கேயே இருந்தது.

பழைய வேலைகளையெல்லாம் திறந்து பார்த்தாள். ஒருவருக்குக் காது. ஒருவருக்குத் தாடை. செத்துப்போன ஒரு ராணுவக்காரருக்கு மூக்கும் மேலுதடும். எல்லாம் மாலை போட்டுக் கூடத்தில் மாட்டப்பட்ட படங்கள். அந்த வீடுகளில் ஒருவர்கூட இது எங்கள் ஆள் இல்லை என்று சொன்னதில்லை. அப்பாவின் மூக்கு அப்படித்தான் இருந்தது என்று பிள்ளைகள் பழகிவிட்டிருப்பார்கள்.

அன்று ருக்மணி வந்தாள், சென்னியப்பனின் மனைவி. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்கதானுங்களே அந்தப் படத்த எடுத்துக் குடுத்தீங்க? அத்தன வருசம் உங்ககூட நாயாட்ட அலைஞ்ச மனுசனுங்க. ஒரு வார்த்த இவரு இல்லீன்னு சொல்ல வாய் வரலீங்களா அம்மிணி?"

கோகிலவாணி கேமராவை எடுத்தாள். "இப்படி நில்லுங்கக்கா."

"எதுக்கு? எனக்கும் விலங்கு மாட்டறதுக்கா?"

"நில்லுங்க. கண்ண மூடிக்குங்க."

ஃபிளாஷை முழு அளவில் வைத்து, முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோய் அடித்தாள். ருக்மணியின் சேலையும் தோடும் முடியோரமும் தெரிந்தன. நடுவில் வெள்ளை. அதைத் துலக்கியில் போட்டாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ருக்மணியின் தோடுகளுக்கு நடுவே, ருக்மணியின் சேலைக்கு மேலே, சென்னியப்பனின் முகம் வந்தது. மீசைகூட லேசாக வந்திருந்தது. தாடையைச் சற்றே தூக்கி, மேடையில் நிற்பதுபோல நின்றார்.

ருக்மணி, "இந்த மனுசன் எப்பொ என்ற சேலையக் கட்டுனாரு?" என்றாள். சிரிப்புபோல ஏதோ வந்தது. அது பாதியில் அழுகையாகி, அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கோகிலவாணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இருட்டா விழுந்த படத்துல ஏதாச்சும் ஒளிஞ்சு கெடக்கும். கிளறுனா வரும். வெளுத்துப்போன எடத்துல ஒண்ணுமே கெடையாது. சுத்தமா ஒண்ணுமில்ல. நாம ஓவர் ஆன படத்தயும் சரியான படத்தயும் சோடியாக் காட்டித்தான் இது பழகியிருக்குது. இப்படி வெளுத்தா இப்படி இருக்கோணும்னு. அப்படிச் சோடியா இதுக்குக் கெடச்சதெல்லாம் அண்ணனோட டெஸ்ட் படந்தான். நாந்தான் அனுப்புனேன். வெள்ளையப் பாத்தா இதுக்கு அவரத்தான் தெரியும்."

"அப்பொ அந்தப் படத்துல இருக்கறது?"

"யாருன்னே தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

"அப்பொ வெளிய வந்துருவாருங்களா?"

"வந்துருவாரு" என்றாள் கோகிலவாணி.

வழக்கறிஞர் ஜெரால்டும் அப்படித்தான் நினைத்தார். ருக்மணியின் படத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் படம் செல்லாதும்மா. முத்திரை இல்ல, வழக்குப் படத்துக்கு மட்டுந்தான் போட முடியும். வீட்ல உக்காந்து யாரு வேணாப் பண்ணலாம்னு சொல்லிருவாங்க."

"அந்தப் படத்தையே மறுபடி போட்டுக் காட்டலாங்களா?"

"முடியாது. முத்திரை விழுந்தா மெஷின் அந்தப் படத்துக்கு அதே முகத்தத்தான் திருப்பித் தரும். ஒரு படத்துக்கு ரெண்டு முகம் இருக்கக் கூடாதுன்னு சட்டம். ஆனா நீதிபதி முன்னால, புதுசா ஒரு ஆள நிறுத்தி, ஃபிளாஷ் அடிச்சு, அங்கயே செஞ்சு காட்டுனா? அவர் கண் முன்னாலயே இந்த மீசை வந்து நின்னா?" அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அது போதும். அதுவரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காதீங்க. முக்கியமா அந்தக் கம்பெனிகிட்ட."

விசாரணைக்கு இன்னும் நாள் இருந்தது. கோகிலவாணி வாயைத் திறக்காமல்தான் இருந்தாள். ஆனால் பக்கத்துத் தாலூக்காவிலிருந்து ஒரு காவலர் இன்னொரு வெளுத்த படத்தோடு வந்தார். ஏதோ ஒரு கத்திக்குத்து. அவள் இயந்திரம் பழுது என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். அவர் வேறு உரிமக்காரரிடம் போவார். அங்கும் இதே துலக்கிதான். சென்னியப்பன் உள்ளே இருக்கும்போது அவர் முகமே வந்தால் நமக்கு நல்லதுதானே என்றார் ஜெரால்டு. ஆனால் முழுதாக வராமல், புருவம் மட்டும் வந்து, அந்தப் புருவம் உள்ள வேறொருவனை ஜீப்பில் ஏற்றினால்? பேசாமல் இருப்பதும் இன்னொரு முத்திரைதான் என்று அவளுக்குத் தோன்றியது.

நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் எழுதினாள். எழுதியதும் ஒரு பெண் அழைத்தாள். மிகவும் மரியாதையான குரல்.

"ரொம்ப நன்றி மேடம். உங்கள மாதிரி உண்மையானவங்கதான் எங்களுக்கு வேணும். உடனே சரி பண்ணிடறோம். இனிமே யாருக்கும் இப்படி நடக்காது."

"கோர்ட்டுல வந்து நீங்க இதச் சொல்லோணும்."

"கண்டிப்பா எங்க சட்டப் பிரிவுகிட்டச் சொல்றேன் மேடம்."

அந்தப் பெண் பொய் சொன்னதாகக் கோகிலவாணி இப்போதும் நினைக்கவில்லை. அவள் உடனே சரிசெய்வதாகச் சொன்னதை அப்படியே செய்துவிட்டார்கள்.

நீதிமன்றத்தில் முதலில் இந்துமதி வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். கூண்டில் நின்ற சென்னியப்பனை விரல் நீட்டிக் காட்டினாள்.

"இவருதாங்க. குனிஞ்சாரு. புருவத்தத் தூக்கி என்னயப் பாத்தாரு."

"முதல்ல போலீஸ்ல முகத்தப் பாக்கலன்னு சொன்னீங்களே?" என்றார் ஜெரால்டு.

"பயத்துல அப்பொ மறந்துட்டனுங்க. அந்தப் படத்தப் பாத்ததும் எல்லாம் ஞாபகம் வந்துருச்சு. இப்பொக் கண்ண மூடுனா இவரு மூஞ்சிதான் வருது. தூங்க முடியலீங்க."

அவள் நடிக்கவில்லை. கோகிலவாணிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. வெள்ளையாக இருந்த இடம் அவளுக்குள்ளும் நிரம்பிவிட்டது.

கோகிலவாணியின் முறை வந்தது. அரசு வழக்கறிஞர் கேட்டார்: "கரண்ட் போனதுலருந்து இவர் லைட்டோட வர்ற வரைக்கும் எவ்வளவு நேரம்?"

அவள் யோசித்தாள். இருட்டு, கூச்சல், கையில் கேமராவின் கனம். அதற்குப் பிறகு விளக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. உடனே வந்தார் என்று சொல்லிவிடலாம். நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது. ஆனால் இல்லாத இடத்தில் ஒன்றை வைப்பது எதில் கொண்டுபோய் விடும் என்று இப்போது அவளைவிட அறிந்தவர் யார்?

"தெரியலீங்க" என்றாள்.

ஜெரால்டு கண்ணை மூடித் திறந்தார். பிறகு செய்துகாட்ட அனுமதி கேட்டார். நீதிபதி சம்மதித்தார். ஜெரால்டின் குமாஸ்தா நடுவில் வந்து நின்றார். குண்டான, மீசையில்லாத மனிதர். கோகிலவாணி ஃபிளாஷை முகத்தருகே கொண்டுபோய் அடித்தாள். படத்தைத் துலக்கியில் போட்டாள். எல்லோரும் பார்க்கும்படி பெரிய திரையில் அது தெரிந்தது. ருக்மணி முதல் வரிசையில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளை அடங்கவில்லை. குமாஸ்தாவின் காதுகளுக்கு நடுவே அது அப்படியே இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி வந்தது: இந்தப் பகுதியில் தகவல் இல்லை.

மறுபடி செய்தாள். மறுபடியும் அதே வரி.

"எங்கம்மா உங்க சென்னியப்பன்? வரலியே" என்றார் அரசு வழக்கறிஞர். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நானும் அதத்தானுங்க ஐயா சொல்றேன். அதுல ஒண்ணுமில்ல. இப்பத்தான் அது உண்மையச் சொல்லுது. முன்னால சொல்லல. மாத்திட்டாங்க."

"மாத்தினதுக்கு ஆதாரம்?"

நிறுவனத்தின் சார்பில் வந்திருந்த இளைஞர் எழுந்து, மென்பொருள் அவ்வப்போது மேம்படுத்தப்படும் என்றும், புதிய பதிப்பு முந்தையதைவிடக் கவனமாக இருக்கிறது என்றும், அதனால் முந்தையது தவறு என்று ஆகாது என்றும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முத்திரையிட்ட படம் திரையில் வந்தது. சென்னியப்பனின் முகம், மேடையில் நிற்பதுபோல. சென்னியப்பன் கூண்டிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்புக்குப் பிறகு ஒருமுறை கோகிலவாணி சிறைக்குப் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் தரையைப் பார்த்தபடி வந்து உட்கார்ந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. மீசையை எடுத்திருந்தார்கள்.

"கம்பெனிக்கு எழுதுனது நாந்தானுங்கண்ணா. வக்கீலு வேண்டாம்னு சொன்னாரு" என்றாள்.

"எழுதாம எப்படி அம்மிணி இருப்பீங்க. உங்களத் தெரியாதா." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கட்டுங்களா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்கண்ணா."

"இருட்டுல வேனுக்குப் போனேன். நல்லா நெனவிருக்குது. திரும்பி வந்தேன். அதுவும் நெனவிருக்குது. நடுவுல படியில குனிஞ்ச மாதிரியும் இப்பொல்லாம் நெனவு வருதுங்க. அந்தப் புள்ள கொலுசு போட்டிருந்துதுங்களா?"

"அண்ணா, நீங்க அங்க போகவே இல்ல."

"போகலைன்னுதான் நானும் சொல்லிட்டிருந்தேன். ஆனா படத்துல நாந்தானுங்களே இருக்கறேன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒருவேள போயிருப்பனோ அம்மிணி?"

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் வந்து சொன்னார்.

சென்னியப்பன் தண்டனை முடியும் முன்பே சிறை மருத்துவமனையில் இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். கடைசி வருடத்தில் அவர் சிறைக்கு வந்துபோகும் பாதிரியார் ஒருவரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும், குழந்தை எங்கே என்று கேட்டபோது அது மட்டும் நினைவில்லை என்று அழுததாகவும் உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். ருக்மணி ஊரை விட்டுப் போய், தம்பி வீட்டில் தங்கி, ஒரு நூல் மில்லில் வேலை செய்கிறாள். கோகிலவாணியின் உரிமத்தை ரத்து செய்தார்கள். ஸ்டூடியோவை அவளே மூடினாள். சத்தியசீலன் பதவி உயர்வு பெற்று வேறு மாவட்டத்துக்குப் போனார். ஜெரால்டு மேல்முறையீடு செய்தார், அது தள்ளுபடியானது. இந்துமதிக்குத் திருமணமாகிவிட்டது, இருட்டியபின் அவள் வெளியே வருவதில்லை. துலக்கி இப்போது எல்லா மாநிலங்களிலும் பயன்பாட்டில் இருக்கிறது, தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறது, நம்பகமானது என்று பெயர் வாங்கியிருக்கிறது.

மிருதுளா கிடைக்கவில்லை. அவளுடைய பெற்றோர் இன்னும் நிலையத்துக்குப் போய் வருகிறார்கள். குற்றவாளி பிடிபட்டு வழக்கு முடிந்துவிட்டதால், அவளைத் தேடும் வேலையும் முடிந்துவிட்டது என்று அங்கே சொல்கிறார்கள்.